சுவர் காயும்வரை பெயின்ற் வேண்டாம்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரைகடந்தபோது திருகோணமலையில் எல்லோரும் கூரையைப் பார்த்தபடி விழித்திருந்தோம். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது அந்தப் புயலில் இல்லை. அதற்குப் பிந்திய ஒரு மாரியில், யாரும் பெயர் வைக்காத மழையில், பெரிய காற்றுக்கூட இல்லாமல் வந்தது.

அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை றோட்டைவிடத் தாழ்வு. மணல் தரை என்பதால் ஐப்பசி மழையை நிலம் குடித்துவிடும். கார்த்திகை கடைசியில் கிணற்றுத் தண்ணீர் குனிந்து அள்ளும் உயரத்துக்கு வந்துவிட்டால் நிலம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பெய்வது முழுக்க ஒழுங்கையோர வடிகாலான கானுக்குத்தான் போக வேண்டும். கான் அடைத்துக் கிடந்தால் வீட்டுக்கு வரும்.

வாசலால் வரும் என்று நினைத்து எல்லோரும் வாசலில் மணல் மூட்டை அடுக்குவார்கள். நாங்களும் அடுக்கினோம். முதலில் வந்தது குளியலறைத் தரைத் துவாரத்தால். பிறகு கொமட்டுக்குள் கொளக் கொளக் என்று சத்தம். அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, கொமட்டுக்குள்ள ஒரு மண் மூட்டையை வையுங்கோ. இல்லாட்டி குழியில கிடக்கிறது எல்லாம் வீட்டுக்குள்ள வந்திடும்" என்றார். மாமி சொன்னது எவ்வளவு பெறுமதியானது என்பது, அப்படி வைக்காத வீடுகளைப் பிறகு கழுவப் போனபோது தெரிந்தது. உரப்பையில் மண்ணைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிறைந்த மூட்டை விறைத்துக்கொண்டு நிற்கும், இடுக்கால் தண்ணீர் வரும். பாதி மூட்டை தொய்ந்து இடத்துக்கு ஏற்றபடி படியும்.

கரண்ட் விசயத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு தைரியம் இருக்கிறது: "ட்ரிப் சுவிச் தானே விழுந்திடும்." மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற சுவிச் அது. விழும், அது வேலை செய்கிற நிலையில் இருந்தால். வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழக்கூடியது. ஆனால் அதில் உள்ள சின்ன ரெஸ்ற் பொத்தானை வருடக் கணக்காக யாரும் அமுக்கிப் பார்ப்பதில்லை. தரை உலர்ந்திருக்கும்போதே மெயினை நிற்பாட்டிவிட வேண்டும். தண்ணீர் பிளக் உயரத்துக்கு வந்துவிட்டதென்றால், மெயின் எங்கே இருந்தாலும் தண்ணீரில் நின்று அதைத் தொடக் கூடாது. மின்சாரக் கந்தோரின் 1987 என்ற இலக்கத்துக்கு எடுத்து, வெளியிலிருந்தே வெட்டச் சொல்ல வேண்டும். காஸ் சிலிண்டரைப் பூட்டி, ரெகுலேற்றரைக் கழற்றி, யன்னல் கம்பியோடு கட்டினோம். வெறும் சிலிண்டர் மிதந்து போய் எதிலாவது மோதும்.

சாமான்களை மேலே தூக்குவதில் அரை மணித்தியாலம் போனது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடதாசிகள் முதலில். அப்புறம் அரிசி, மருந்து. முதிரைக் கட்டிலைத் தூக்க நேரமில்லை, விட்டுவிட்டோம். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பலகைத் தூள் அமுக்கிச் செய்த குசினி அலுமாரி அடுத்த நாளே பாணாய் ஊறிப் பொருமிவிட்டது. அதைக் காய வைத்துத் திருப்பி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி, மறுநாள் மத்தியானம் வடியத் தொடங்கியது. தும்புத்தடியைத் தூக்கும் முன் மனைவி ஒரு பென்சிலை எடுத்தார். ஒவ்வோர் அறைச் சுவரிலும் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு, பக்கத்தில் திகதி. பிறகு ஒவ்வோர் அறையையும் போனில் படம் எடுத்தோம்: பிரிட்ஜின் பின்பக்கம், வோஷிங் மெஷினின் மொடல் இலக்கம், ஊறிய மெத்தை. சேற்றைக் கழுவிய பிறகு வீடு நல்ல வீடு மாதிரித்தான் தெரியும். வந்து பார்ப்பவருக்கு நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

ஜீ.எஸ். ஐயாவுக்கு அன்றைக்கே சொன்னோம். கிராம சேவகரிடம் பதிவில்லாமல் பிரதேச செயலகத்தில் எந்தக் கோப்பும் நகராது. வேறு உதவி தேவைப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் இருக்கிறது. எங்களுக்கு அதைவிட முக்கியமானது காப்புறுதி. வீட்டுக் கடன் எடுத்தபோது கட்டாயமாக எடுத்தது. எடுத்ததையே மறந்து போயிருக்கிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் தீ முதலில் இருக்கும். வெள்ளமும் சூறாவளியும் சேர்த்திருக்கிறார்களா என்பதை உள்ளே தேடிப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது.

மதிப்பீட்டாளராக வந்த தம்பி மரியாதையான பிள்ளை. ஆனால் அவர் கேட்டதெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான்: இது வெள்ளத்தில் வந்த சேதமா, பழைய ஈரக் கசிவா? மெல்ல மெல்லக் கசிந்து கெட்டதற்கு அவர்கள் பணம் தருவதில்லை. பென்சில் கோட்டையும் திகதியுள்ள படங்களையும் காட்டியதும் அந்தக் கதை முடிந்தது. பிறகு கந்தோரில் இருந்து ஒரு கடிதம்: கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் இணைக்கப்படவில்லையாம். இணைத்திருந்தோம். திரும்பவும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, இந்த முறை பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கினேன். மேசனின் செலவு மதிப்பீடும் கேட்டார்கள். ஒரே தொகையாக எழுதாமல் பூச்சு, கதவு, வயறிங் என்று பிரித்து எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று. கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. முதல் ஒரு பகுதியை நாங்களே ஏற்க வேண்டும் என்று பத்திரத்தில் ஏற்கனவே எழுதியிருந்தது.

கழுவும்போது ஒன்று. சேறு காய்ந்துவிட்டால் சீமெந்தாய் இறுகும், ஈரத்தோடேயே தள்ளிவிட வேண்டும். சப்பாத்தும் கையுறையும் கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள சின்னக் கீறலாலும் உள்ளே போகும். காய்ச்சல் வந்தால் பனடோலோடு இருக்காமல், வெள்ளத்தில் நின்றதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். தரைக்கு ரி.சி.எல். என்கிற குளோரின் தூளைக் கரைத்து ஊற்றும்போது அதோடு கக்கூஸ் கழுவும் அமிலத்தைச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கிணற்றைப் பற்றி ஒழுங்கையில் பெரிய வாக்குவாதம். "மோட்டரைப் போட்டு அடி தெரிய இறையுங்கோ" என்று ஒரு கட்சி. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரம் முழுக்க அப்படித்தான் இறைத்தார்கள். கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே படையாக நிற்கிறது. மேற்படையை அளவுக்கு மீறி இழுத்தால் கீழே உள்ளது ஏறும். அப்போது பல கிணறுகள் அப்படித்தான் இன்னும் உவர்த்துப் போயின. அதோடு, நிலம் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை வெறுமையாக்கினால் வெளிநீரின் அழுத்தத்தில் கொங்கிறீற் வளையங்களும் அசையலாம். நாங்கள் மிதந்த குப்பையை அள்ளிவிட்டு, தண்ணீர் மட்டம் இறங்கும்வரை பொறுத்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொன்ன அளவுக்குக் குளோரின் போட்டோம். அதுவரை பவுசர் தண்ணீர்தான், அதையும் கொதிக்க வைத்துக் குடித்தோம்.

இனிச் சுவர். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதில்தான்.

தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஈரம் ஏறும். கல்லும் பூச்சும் திரியைப் போல உறிஞ்சி, கோட்டுக்கு மேலே ஒரு சாண், சில இடத்தில் அதற்கும் கூட, கருமையாகத் தெரிந்தது. சில கிழமைகளில் அதன் விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும், நாக்கில் வைத்தால் உப்பு. சுவருக்குள் கரைந்திருந்த உவர், தண்ணீரோடு வெளியே வந்து, தண்ணீர் ஆவியானதும் மேலே தங்கிவிடுகிறது. இதை ஈரத் துணியால் துடைத்தால் கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும், அது பூக்கப் பூக்க.

பெயின்ற் அடிக்கிற தம்பி வந்து பார்த்தார். "அண்ணா, பொங்கலுக்கு முதல் அடிச்சுத் தாறன். வோட்டர்புரூப் ஒரு கோட் குடுத்தா ஒண்டும் தெரியாது." தெரியாதுதான், இரண்டு மாதத்துக்கு. பிறகு உள்ளே அடைபட்ட ஈரமும் உவரும் பெயின்றைக் கொப்புளமாகத் தள்ளும். பின்வீட்டில் அவசரப்பட்டு அடித்தார்கள், சித்திரைக்கு முன்னரே தோல் உரிந்துவிட்டது. சுவர் காய்வதற்குக் கட்டடக்காரர் ஒரு கணக்குச் சொல்வார்கள், ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்று. மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் மார்கழியையும் தையையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மழை விட்ட நாளில் எல்லா யன்னலையும் திறந்து, மழை பெய்தால் மூடி, கரண்ட் வந்த பிறகு மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். அலுமாரிகளைச் சுவரில் இருந்து ஓர் அடி தள்ளிப் போட்டதில் வீடு கடைபோலக் கிடந்தது. பொங்கலுக்கு வந்தவர்கள் ஏதாவது சொல்லாமல் போகவில்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் இறுக்க ரேப் ஒட்டிவிட்டு, அடுத்த நாள் பாருங்கள். உட்பக்கம் துளி பிடித்திருந்தால் சுவர் இன்னும் தண்ணீர் விடுகிறது. எங்கள் ஹோல் சுவர் பங்குனியில்தான் துளியில்லாமல் வந்தது. குசினிச் சுவரின் கீழ்ப்பூச்சு தட்டியபோது பொக்கென்று சத்தம் போட்டது, அதை மட்டும் உடைத்துப் புதிதாகப் பூசினோம்.

கரண்டைத் திரும்பப் போடுவதற்கு முன் வயர்மன், வயறிங்கில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தார். நனைந்த பிளக் பொயின்றுகள் எல்லாவற்றையும் மாற்றி, இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். பிரிட்ஜின் சுவிச்சைத் தட்டிப் பார்ப்போம் என்ற என் மகனை அவர் விடவில்லை. மோட்டரையும் றிலேயையும் திறந்து காய வைத்த பிறகுதான் போட்டார். அது ஓடுகிறது.

மிச்சம் கான். மழை விட்டதும் சிரமதானம் வைத்து வெட்டிப் பார்த்தோம். பிளாஸ்ரிக் போத்தலும் இளநீர்க் கோம்பையும் நினைத்ததைவிடக் குறைவு. தண்ணீரைப் பிடித்து நிறுத்தியது வீட்டு வாசல்களுக்குக் குறுக்கே அவரவர் புதைத்த குழாய்கள்தான். வாகனம் ஏற வசதியாக ஆறங்குல பி.வி.சி. ஒன்றை வைத்து மேலே கொங்கிறீற் போட்டால், ஒழுங்கை முழுவதின் மழைநீரும் அந்த ஆறங்குலத்துக்குள்ளால் போக வேண்டும். எங்கள் வாசலிலும் ஒன்று இருந்தது. அதை உடைத்து, கானின் அகலத்துக்கே மூடிக்கல் போட்டோம், தூக்கித் துப்புரவாக்கலாம். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செய்தார்கள். முடக்கில் இருக்கிற வீட்டு அண்ணா மட்டும் தை பிறக்கட்டும், பார்ப்போம் என்றார். தை பிறந்து, சித்திரையும் பிறந்துவிட்டது. ஐப்பசிக்கு முன் நாலு பேராகப் போய்த் திரும்பவும் கேட்பதாக இருக்கிறோம்; மூடிக்கல்லுக்கான செலவில் பாதியைத் தருவதாகவும் சொல்லிப் பார்க்கலாம் என்று மாமி சொல்கிறார்.