தாமரை இலை நகல்: துளி கடைசியில் உருண்டது

தாமரை இலையின் பரப்பை அச்செடுத்து, அந்த அச்சில் வார்த்து, தண்ணீர் ஒட்டாத நகல் செய்யப் பார்க்கிறேன். ஏழாவது நகலில் துளி உருண்டுவிட்டது. 12 டிகிரி சாய்வில்தான் நகர்ந்தது; அசல் இலையில் 5 டிகிரிக்குள்ளேயே ஓடிவிடும். இருந்தாலும் மூன்று மாதமாக அசையாத துளியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய சந்தோஷம்.

அச்சுக்காக பிடிஎம்எஸ் என்ற திரவச் சிலிக்கானை இலைமேல் ஊற்றி 48 மணி நேரம் காத்திருக்கும் வழியை இரண்டாவது முயற்சியோடு விட்டுவிட்டேன். அதற்குள் இலை வாடிச் சுருங்கிவிடுகிறது. குமிழ் போகட்டும் என்று இலையோடு சேர்த்து வெற்றிடக் கலத்தில் வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. தாமரைக்கு இலைத்துளைகள் மேல்பக்கத்தில்தான் இருக்கின்றன. உள்ளே இருந்த காற்றெல்லாம் அந்த வழியாக வெளியேறி, நகலெடுக்க வேண்டிய பரப்பிலேயே குமிழாக நின்றுவிட்டது.

அப்புறம்தான் பல் அச்சு எடுக்கும் சிலிக்கானுக்கு மாறினேன். இளக்கமான வகை, ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும், இலை பச்சையாகவே இருக்கும். வாங்கும்போது 'அடிஷன்' வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒருவர் 'கண்டன்சேஷன்' வகையைக் கொடுத்துவிட்டார், அது இறுகும்போது சுருங்குகிறது. காலாவதித் தேதியையும் பாருங்கள். லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு இதைத் தொடவே கூடாது. அதிலுள்ள கந்தகம் பட்ட இடம் இறுகாமல் பிசுபிசு என்று நின்றுவிடும். ஒரு நல்ல அச்சு எனக்கு அப்படித்தான் போனது. இப்போது நைட்ரைல் கையுறை மட்டும்தான்.

என்னை உண்மையில் படுத்தியது அடுத்த படி. அச்சு கைக்கு வந்ததும் ஆசையாக அதில் எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றினேன். காய்ந்ததை 400 மடங்கு பெருக்கத்தில் பார்த்தால், இலையில் இருப்பது போல வர வேண்டிய, சுமார் 10 மைக்ரான் அளவுள்ள புடைப்புகள் பாதிக்கு மேல் மொட்டையாக இருந்தன. எபாக்சியைச் சூடாக்கி இளக்கினேன், தூரிகையால் தடவினேன், சொட்டுச் சொட்டாக விட்டேன். எதுவும் சரிவரவில்லை. கோளாறு எபாக்சியில் இல்லை. இந்தச் சிலிக்கான் இறுகிய பிறகும் கொஞ்ச நேரம் ஹைட்ரஜன் விடும். அந்த வாயு அச்சிலுள்ள குழிகளின் அடியில் தேங்கி, எபாக்சி இறங்க இடம் தரவில்லை. அச்சை ஒரு நாள் முழுக்கச் சும்மா வைத்துவிட்டு ஊற்றியதும் தலையோடு புடைப்புகள் வந்தன. அந்த ஒரு நாள் பொறுமை இல்லாமல் நான்கு நகல்களை வீணாக்கியிருக்கிறேன்.

வடிவம் வந்தும் தண்ணீர் ஒட்டியது. எபாக்சிக்குத் தண்ணீரை விரட்டும் குணம் போதாது. பாரஃபின் மெழுகைக் கரைத்து மெலிதாகப் பூசினேன். துளி அழகாக உருண்டையாக நின்றது, ஆனால் தகட்டைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழவில்லை. ரோஜா இதழில் துளி நிற்பதும் இப்படித்தான். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதற்கு அர்த்தமே ஒட்டாமல் ஓடுவதுதானே! தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாதது பற்றி 1997இல் ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுய்ஸும் எழுதிய கட்டுரையை மறுபடி படித்தேன். இலையின் மெழுகு வழவழப்பான பூச்சு இல்லை. ஒவ்வொரு புடைப்பின் மேலும் நானோ அளவில் மெழுகுக் குழல்கள் நிற்கின்றன, அவற்றுக்கு இடையில் காற்று தங்குகிறது. நான் பூசிய பாரஃபின் அந்த இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டது.

அடுத்து, நகலின் மேல் மெழுகுவத்திப் புகைக்கரியைப் பிடித்துப் பார்த்தேன். துளி பிரமாதமாக ஓடியது, கரியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஏழாவது நகலுக்கு, நீர்வெறுப்புச் சிலிக்காத் தூளை (தண்ணீர் ஒட்டாத நுண்தூள்) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலக்கி, ஒரே ஒரு முறை முக்கி எடுத்தேன். உருண்டது இதில்தான். இரண்டு முறை முக்கினால் வெள்ளை படிந்து புடைப்புகள் மூடிப்போகின்றன.

விரலால் தேய்த்தால் இன்னும் தூள் கையோடு வருகிறது. எபாக்சி முழுதும் இறுகுவதற்கு முன்பே தூளைத் தூவினால் பிடித்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். அதற்குள் சேம்பு இலையில் ஒரு அச்சு எடுத்து வைத்துவிட்டேன், நாளைக்கு அதில் எபாக்சி ஊற்றலாம்.