நிலவைப் படமெடுக்க அஷ்டமியே நல்ல நாள்

நிலவைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பௌர்ணமிக்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஆனால் அன்று சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நிலவின் மீது நேராக ஒளி வீசுவதால், அங்குள்ள மலைகளுக்கும் பள்ளங்களுக்கும் நம் கண்ணுக்குத் தெரிகிற நிழலே விழுவதில்லை. நிழல் இல்லாவிட்டால் உயரமும் ஆழமும் படத்தில் பதியாது. டைக்கோ பள்ளத்திலிருந்து நாலாபுறமும் ஓடும் வெண்கீற்றுகளைப் பதிவுசெய்வதற்குப் பௌர்ணமி உகந்தது என்பதை மறுக்கவில்லை. மற்றபடி, நல்ல காரியங்களுக்கு ஆகாதென்று நம் வீடுகளில் ஒதுக்கிவைக்கிற அஷ்டமியும் நவமியும்தான் இந்தக் காரியத்துக்கு மிகச் சிறந்த நாள்கள் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குத் தினசரி காலண்டரே போதுமான வழிகாட்டி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் காலமே ஒரு திதி. அந்த 12 பாகை கூடும்போது, நிலவின் மேல் பகலும் இரவும் சந்திக்கும் கோடும் ஏறத்தாழ 12 பாகை நகர்ந்துவிடுகிறது. நிலவின் நடுக்கோட்டில் அது சுமார் 364 கி.மீ. தொலைவு. அந்தக் கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் அப்போதுதான் உதிப்பதால், மாலை வெயிலில் மண்ணாங்கட்டிக்குக்கூட நீண்ட நிழல் விழுவதுபோல, சிறு மேடும் அங்கே எடுப்பாகத் தெரிகிறது. ஆகவே இன்று என்ன திதி என்று தெரிந்தால், நிலவின் எந்தப் பகுதி இன்றிரவு படத்துக்கு ஏற்றது என்பதும் தெரிந்துவிடும். நிலவு தன் முகத்தைச் சற்றே இடவலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவதால், இந்தக் கணக்கில் அரை நாள் முன்பின் வருவதுண்டு.

வளர்பிறை அஷ்டமியன்று அந்தக் கோடு நிலவின் நடுவில் நிற்கும். வடக்கே ஆப்பெனைன் மலைத்தொடரின் சிகரங்கள், அடிவாரம் இன்னும் இருட்டில் கிடக்கும்போதே வெளிச்சம் பட்டுத் தனிப் புள்ளிகளாக மின்னும். 1971 ஜூலையில் அப்பல்லோ 15 இறங்கியது இந்த மலைகளின் அடிவாரத்தில்தான். நவமியன்று கிளேவியஸ், பிளேட்டோ ஆகிய பெரும் பள்ளங்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன. எனக்கு மிகப் பிடித்தது தசமி. அன்று 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் பள்ளத்தில் பொழுது விடிகிறது. முதலில் மேற்கு விளிம்பு ஒரு வளைந்த வெள்ளிக் கோடாகத் தெரியும். பிறகு உட்சுவரின் படிக்கட்டு போன்ற அடுக்குகள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழாக ஒளி பெறும். அடித்தளம் கறுத்துக் கிடக்கையிலேயே நடுவிலுள்ள சிறு சிகரங்கள் வெளிச்சத்தைத் தொடும். ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால், நிழல் சுருங்கியிருப்பதைத் தெளிவாகக் காணலாம்.

கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால், சுற்றியுள்ள கருவானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நிலவை வெறும் வெள்ளை வட்டமாக்கிவிடும். நிலவு என்பது முழு வெயிலில் கிடக்கும் பாறை என்பதை மனத்தில் வைத்தால் அளவுகள் எளிதில் பிடிபடும். முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளையின் அளவு எஃப்/11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 நொடி என்பது பழைய விதி. அரைநிலவின் பரப்பு அந்த அளவுக்குப் பிரகாசமாக இராது என்பதால், ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/100 நொடியில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறேன். 300 மி.மீ. லென்ஸில் நிலவின் பிம்பம் சென்சாரில் 3 மி.மீ. கூட வராது, ஆகவே சிறு பள்ளங்களை நெருங்கிப் பார்க்க 6 அங்குலத் தொலைநோக்கி போன்ற ஒன்று தேவைப்படுகிறது. ஷட்டரைக் கையால் அழுத்தாமல் டைமரில் விடுவதும், திரையில் பெரிதாக்கிக் கையாலேயே ஃபோகஸ் செய்வதும் இன்றியமையாதவை.

இத்தனையும் சரியாக இருந்தாலும் காற்று ஒத்துழைக்க வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களில் பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடித் தளம் முன்னிரவில் வெப்பத்தை வெளிவிடுவதால், தொலைநோக்கியில் நிலவின் விளிம்பு கொதிநீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளியும். மாலையிலேயே தளத்தில் தண்ணீர் விட்டு வைப்பது ஓரளவு உதவுகிறது. ஒரே படத்தை நம்பாமல் ஒரு நிமிடக் காணொளியாக எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருளில் தெளிவான சட்டகங்களை மட்டும் அடுக்கிச் சேர்ப்பது இன்னும் நல்ல பலன் தரும். அதன் பிறகு கூர்மையாக்கும்போது நிதானம் வேண்டும்; பள்ளங்களின் விளிம்பில் இல்லாத வெள்ளைக் கோடுகள் தோன்றத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சில கைபேசிகள் நிலவை அடையாளம் கண்டு தாமாகவே விவரங்களைச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் நாம் தேடுவது அந்த இரவின் நிழலை.

விண்மீன்களையும் பால்வீதியையும் எடுக்க விரும்புகிறவர்கள் அமாவாசையை ஒட்டிய நாள்களில், ஜவ்வாது மலை போன்ற இருண்ட இடங்களைத் தேடிப் போக வேண்டும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். நிலவுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை, நகரத்து மாடியே போதும்.

தேய்பிறை அஷ்டமியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், அன்று நிலவு நள்ளிரவை ஒட்டி எழுவதால். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தளம் குளிர்ந்து காற்று அடங்கியிருக்கும். ஒளியும் எதிர்த்திசையிலிருந்து வரும். மேகக்கடல் எனப்படும் சமவெளியில் சுமார் 110 கி.மீ. நீளத்துக்கு ஓடும் நேர்ச்சுவர் என்ற பிளவுச் சரிவு, வளர்பிறை நவமியில் தன் நிழலால் கறுப்புக் கோடாகத் தெரியும். தேய்பிறை அஷ்டமியில் அதே சரிவின் மீது நேரே வெயில் படுவதால் வெள்ளைக் கோடாகத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள்.