பி.எட். பயிற்சிக்கு நீலகிரி வருகிறீர்களா? பக்கத்து அங்கன்வாடிக்கும் போங்கள்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி என்றதும் எல்லோருக்கும் லெசன் பிளான் நோட்டும் தலைமையாசிரியர் கையெழுத்தும்தான் கவலை. எனக்குக் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி கிடைத்தது. வளாகத்தை ஒட்டியே அங்கன்வாடி. வகுப்பு இல்லாத பீரியடில் ஸ்டாஃப் ரூமில் குளிரில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விட அங்கே போய் ஏதாவது உதவலாமே என்று கேட்டேன். எட்டாம் வகுப்பில் பாடம் நடத்த நான் கற்றதில் பாதி அங்கே கற்றதுதான்.

முதலில் அனுமதி. தலைமையாசிரியர் சரி என்றால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர் பள்ளிக் கல்வித் துறை. அங்கன்வாடி 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் வருகிறது, மேலதிகாரிகளும் வேறு. வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு (மையத்தில் கேட்டால் ‘சிடிபிஓ மேடம்’ என்பார்கள்) கல்லூரிக் கடிதமும் அடையாள அட்டை நகலும் வைத்து ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தலைமையாசிரியரிடம் எந்தெந்த பீரியடில் போகிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நேரம் என்றால் காலை பத்து மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன். சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் தூங்குகிற பிள்ளைகளைத்தான் பார்க்கலாம்.

போன உடனே பாடம் எடுக்கக் கிளம்பாதீர்கள். தரையில் உட்காருங்கள். அங்கே அதுதான் முதல் வேலை. மலையில் பிள்ளைகள் ஸ்வெட்டர், குல்லா, காலுறை என்று மூட்டை மாதிரி வருவார்கள். வெயில் ஏறினால் கழற்ற வேண்டும், மேகம் இறங்கினால் திரும்பப் போட வேண்டும். ஒரு பையன் ஸ்வெட்டர் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு பொத்தான் மிஞ்சி நிற்பதைப் பார்த்தான். நான் கை நீட்டினேன், தட்டிவிட்டான். எல்லாவற்றையும் அவிழ்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாகப் போட்டு முடித்தான். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்ரோ டீச்சிங்கில் (சக மாணவர்களுக்குச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் பயிற்சி) கேள்வி கேட்டபின் காத்திருக்க வேண்டும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனால் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எட்டாம் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நானே பதில் சொல்வது வெகுவாகக் குறைந்தது.

அங்கே நிஜமான வாத்தியார் ஆயாதான். “பையை வெச்சுட்டு, வரிசையா நின்னு, கை கழுவிட்டு வாங்க” என்று நாம் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளை பையை மட்டும் வைக்கும், மற்றது காற்றோடு போய்விடும். ஆயா எதுவும் சொல்ல மாட்டார். பாட்டை ஆரம்பித்துக்கொண்டே குழாயடிக்கு நடப்பார், மொத்தக் கூட்டமும் பின்னால் போகும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, அதையும் செய்துகாட்டி. பெரிய வகுப்பில் குழுச் செயல்பாடு வைக்கும்போதும் இதைத்தான் பின்பற்றினேன்.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு ஒரு தனி லாபம். இரண்டு தாள்களிலுமே குழந்தை மேம்பாட்டுக்கு 30 மதிப்பெண் உண்டு. குழந்தையின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று உளவியலாளர் பியாஜே பிரித்துச் சொன்ன நிலைகளை நாம் அட்டவணையாக மனப்பாடம் செய்கிறோம். ஒரே அளவுத் தண்ணீரை உயரமான டம்ளரிலும் அகலமான கிண்ணத்திலும் ஊற்றி எதில் அதிகம் என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். டம்ளரைத்தான் காட்டும். அதன் கண் முன்னாலேயே கிண்ணத்துத் தண்ணீரை அதே போன்ற இன்னொரு டம்ளருக்கு மாற்றினால் ‘இப்போ ஒண்ணு’ என்று சொல்லும், திரும்பக் கிண்ணத்தில் ஊற்றினால் மறுபடி குறைந்துவிடும்! ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தக் கேள்வி தேர்வில் எந்த வடிவில் வந்தாலும் தப்பாது.

மொழி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கோத்தகிரியில் பல வீடுகளில் படுகு பேசுவார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள், மலையாளம் பேசும் பிள்ளைகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் என்று ஒரே அறையில் எல்லோரும் இருப்பார்கள். வாய் திறக்காத பிள்ளையை மந்தம் என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், கொட்டித் தீர்க்கும்.

சாக்லேட் வாங்கிப் போகாதீர்கள். முட்டையும் கலவைச் சாதமும் அளவு பார்த்துக் கொடுக்கிற இடம் அது. உங்கள் சாக்லேட்டால் ஆயாவுக்குத்தான் தொல்லை. பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் வேண்டாம். கழிப்பறைக்கு அழைத்துப் போவதை மையத்து ஆட்களிடமே விட்டுவிடுங்கள், தனியறையில் ஒரு பிள்ளையோடு இருக்காதீர்கள். வெளிநாட்டில் பயிற்சிக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் இதை இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலும் குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கென்று தனிச் சரிபார்ப்பு உண்டு. தன்னார்வலர் என்பதால் மட்டும் விட்டுவிட மாட்டார்கள். இங்கே நம்மை அவ்வளவு துருவ மாட்டார்கள். அதனாலேயே நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை. மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் ரோடு அடைபடும், ஆட்சியர் விடுமுறை விடுவார், உங்கள் அட்டவணை குலையும். சார்ட் பேப்பரில் எதையும் செய்யாதீர்கள். ஈரத்தில் தொய்ந்து பூஞ்சை பிடித்துவிடும். பழைய துணியில் பந்து, பொம்மை, தடித்த அட்டையில் லேமினேட் செய்த படங்கள் தாங்கும். பயிற்சி முடிந்து கிளம்பும்போது அவற்றை மையத்திலேயே விட்டுவிடுங்கள். கல்லூரி ரெக்கார்டுக்குப் பொருளின் போட்டோ போதுமா என்று மட்டும் முன்கூட்டியே உங்கள் பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.