மூன்று சனிக்கிழமைகள்

மார்ச் 7, சனி

திருகோணமலை நகரில் சங்கத் தலைவர்கள் கூட்டம். மூன்று சனிக்கிழமை வர வேண்டுமாம். பதாகையில் 'நிலைத்து நிற்கும் குழுக்கள்' என்று போட்டிருந்தது. எங்கள் கருவாட்டுச் சங்கம் 22 பேருடன் தொடங்கி இப்போது 9 பேர். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

காலை முழுக்கச் சாதனைப் பேச்சு. தேநீருக்குப் பிறகு கிண்ணியா ராத்தா ஒருவர் எழும்பி, "ஆக்கள் ஏன் விட்டுப் போறாங்க, அதைக் கதைப்போம்" என்றார். மண்டபமே மாறிவிட்டது. நுண்கடன் தவணையும் கூட்டமும் ஒரே நாளில், தலைவியின் சொந்தக்காரிக்கே ஓடர், வீட்டில் சண்டை. தூரம்தான் காரணம் என்று ஒருவர் சொல்ல, ராத்தா சிரித்தார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைக்கு, அதுதான் ஆள் ஏற்றும் மிதவைப் படகுக்கு, காத்துக்கிடந்து வந்தார்களாம். "இப்ப பாலம் இருக்கு, ஆள் இல்லை."

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினம். கேக் வெட்டினோம். விலகிப் போனவள் ஒருத்தி வீதியில் கண்டு சிரித்தாள். ஏன் விலகினாய் என்று கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 14, சனி

இன்று கரைவலைச் சம்மாட்டி ஒருவர், கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலையின் சொந்தக்காரர், பேசினார். மைக்கைத் தொடவே இல்லை. கடலோடு கத்திப் பழகிய குரல். முற்பணம் வாங்கிக்கொண்டு பாதிப் பருவத்தில் ஓடிப்போனவர்களைப் பற்றிக் கோபமில்லாமல் சொன்னார். முற்பணம் ஆளைக் கட்டிவைக்காது என்பது அவர் கணக்கு. வலையின் மடியில் வந்த மீனைக் கரையிலேயே, எல்லோர் கண்முன்னாலும் விற்றுப் பங்கு பிரிக்கிறார். காய்ச்சலில் கிடப்பவனுக்கும் பங்கு உண்டு. வலை வெறுமையாக வந்த நாளிலும் சோறு உண்டு. "என்ர மகனுக்கும் கூடுதல் பங்கில்லை" என்றபோது, முன்வரிசையில் சிலர் குனிந்து கொப்பியைப் பார்த்தார்கள்.

மார்ச் 21, சனி

கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கணக்குப் பற்றிச் சொல்லவந்தார். தூக்கம் வரும் என்று நினைத்தேன். என்னிடம் வந்து நின்றார்.

"பிள்ளை, காசுப் புத்தகம் எங்க இருக்கு?"

"வீட்டு அலுமாரியில, ஐயா."

"சாவி?"

"என்னட்ட."

"காசு குறைஞ்சா?"

என் பையிலிருந்து போட்டுவிடுவேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "அது உதவியில்லை. பிழையை மூடுறது" என்றார். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911இல் சட்டம் வந்த காலம்தொட்டு, பாதிச் சங்கம் அலுமாரிச் சாவியில்தான் செத்ததாம். அது பகிடி என்றுதான் நினைக்கிறேன். போகும்போது ஒரு வித்தை சொன்னார்: புத்தகத்துக்கும் கையிலுள்ள காசுக்கும் உள்ள வித்தியாசத்தை 9ஆல் வகுத்து மிச்சம் வராவிட்டால், ஏதோ இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம், முதலில் அதைத் தேடு.

மார்ச் 23, திங்கள்

புத்தகத்தையும் சாவியையும் எங்கள் சங்கத்தின் இளையவளிடம் கொடுத்தேன். உயர்தரத்தில் (ஏ.எல்.) வர்த்தகம் படித்தவள். வித்தையையும் சொன்னேன். இரவில் இரண்டு தடவை, பூட்டாமல் விட்ட அலுமாரியைத் திறந்து பார்த்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஒன்பது பேர் முன்னாலும் காசு எண்ணினோம். 90 ரூபாய் குறைவு. என் கை தானாகப் பைக்குள் போனது. "வையுங்க அக்கா" என்றாள் இளையவள். 9ஆல் வகுத்தாள், பத்து. பற்றுச்சீட்டுகளைப் புரட்டினாள். மாசிக் கடைசியில் சூடைக் கருவாடு விற்ற சீட்டில் 450, புத்தகத்தில் 540.

கையெழுத்து என்னுடையது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான், கொஞ்சம் பிந்தி.