தொட்டியில் ஊற்றிய டைகுரோமேட்

எங்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வித் தாளுக்கு வாய்த்தது வெள்ளிக்கிழமையின் கடைசி மணி நேரம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2003இல் மறுபடியும் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலை மாணவர்களுக்கும் வகுத்தளித்த தாள் அது. 50 வகுப்புகள், அவற்றுள் 5 களப்பணிக்கு. எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், களப்பணிக்கு 25. பாடத்திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் களப்பணி பெரும்பாலான ஆண்டுகளில் இணையத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் செய்த நோட்டாகவே என் மேசைக்கு வந்தது. நானும் கையெழுத்திட்டுக்கொண்டே இருந்தேன்.

நான் வேதியியல் ஆசிரியன். பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன். குரோமியம் அடங்கிய பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பெரஸ் இரும்பை அளவிடும் டைட்ரேஷன் முடிந்ததும், பியூரெட் என்னும் அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாயில் எஞ்சிய ஆரஞ்சு நிறக் கரைசலைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவது எங்கள் வழக்கம். மாணவனாக இருந்தபோது எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே சொல்லித் தந்தேன். ஒரு நாள், தந்தை தோல் கம்பெனியில் வேலை செய்யும் மாணவி ஒருத்தி, பியூரெட்டைக் கவிழ்த்துக்கொண்டே, “சார், எங்க அப்பா கம்பெனித் தண்ணியிலயும் இதே குரோமியம்தானே?” என்று கேட்டாள்.

பாதிதான் சரி என்றேன். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் (பிற அணுக்களோடு பிணையும் திறன்) கொண்ட குரோமியம்; நாங்கள் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தது அதைவிடக் கொடிய ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேட்டிலிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்குவதும் இதுதான். வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளைப் பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில்தான் உச்ச நீதிமன்றம் ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்ற கருத்தை நம் நாட்டுச் சட்டத்துக்குள் ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பின் பெயரை வெள்ளிக்கிழமை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, திங்கட்கிழமை டைகுரோமேட்டைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்த வகுப்பில் கணக்குப் போடச் சொன்னேன். 40 பேர், ஆளுக்குச் சுமார் 50 மில்லி, ஆக 2 லிட்டர். டெசிநார்மல் கரைசல் (லிட்டருக்குச் சுமார் 4.9 கிராம்) என்பதால் அதில் ஏறத்தாழ 10 கிராம் டைகுரோமேட். குரோமியம் மட்டும் சுமார் 3.5 கிராம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அப்படியானால் ஒரே ஒரு பிற்பகலின் மிச்சம், ஏறத்தாழ 70,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும். கரும்பலகையில் அந்த எண் வந்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது.

இதற்கு மாற்று அந்தச் சோதனைக்குள்ளேயே இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. டைட்ரேஷனில் பெரஸ் அயனி செய்வது, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறன் கொண்டதாக ஒடுக்கும் வேலையைத்தானே! மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, அமிலம் விட்டு, பெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பைப் போட்டால் ஆரஞ்சு பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு நீரால் காரமாக்கினால் குரோமியம் ஹைட்ராக்சைடாக அடியில் படியும். அந்த 2 லிட்டருக்கு எத்தனை கிராம் பெரஸ் சல்பேட் வேண்டும் என்ற கேள்விக்கு 55.6 என்று விடை கண்டவர்கள், எதற்கு எவ்வளவு ஈடு என்று காணும், தேர்வுக்கான சமானக் கணக்கையும் அதிலேயே கற்றுவிட்டார்கள். அனாஸ்டஸும் வார்னரும் 1998இல் வகுத்த பசுமை வேதியியலின் 12 நெறிகளில் முதலாவது, கழிவைச் சுத்திகரிப்பதைவிட அது உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பது. ஆகவே வழக்கமான வகுப்புகளில், கரைசலை அளந்தெடுக்கும் 20 மில்லி பிப்பெட்டை விட்டு 5 மில்லிக்கும், 10 மில்லி பியூரெட்டுக்கும் மாறினோம். அளவீட்டுப் பிழை கூடுகிறது என்று சக ஆசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார், அது உண்மையே. செய்முறைத் தேர்வில் இன்னும் பழைய அளவுதான், ஏனென்றால் அதை மாற்றுவது பாடத்திட்டக் குழுவின் கையில் இருக்கிறது. என் கையில் இருந்தது அக மதிப்பீடு. அதில் 5 மதிப்பெண்ணைக் கழிவுக் கணக்குக்கு ஒதுக்கினேன்.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. உலர்த்திய கசடு இப்போது இரண்டு கண்ணாடிச் சாடிகளில் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. அதை நகராட்சிக் குப்பையில் சேர்க்கக்கூடாது. உரிமம் பெற்ற அபாயகரக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பக் கோரி நிர்வாகத்துக்கு நான் எழுதிய கடிதம் கோப்பில் உறங்குகிறது. “இதை எங்க சார் போடறது?” என்று லேப் அட்டெண்டர் அண்ணன் ஒவ்வொரு ஜூனிலும் கேட்கிறார். இந்த ஆண்டின் முதல் வகுப்பை, அந்தச் சாடிகளில் ஒன்றை மேசைமேல் வைத்து, அவருடைய கேள்வியோடுதான் தொடங்கினேன்.