லப்டொப்பில் டீ.என்.ஏயை வளைத்துப் பார்த்த அனுபவம்

யாழ்ப்பாணக் கம்பஸில் பௌதிகவியல் இறுதி வருட ஆய்வுக்கு டீ.என்.ஏ எவ்வளவு வளையும் என்பதை எடுத்தேன். இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. விஞ்ஞானி டிக்கர்சனின் குழுவினர் படிகமாக்கிக் கண்ட, 12 மூலச்சோடி (இரு இழைகளையும் இணைக்கும் இரட்டை மூலங்கள்) கொண்ட டீ.என்.ஏ துண்டின் வடிவம், புரதத் தரவு வங்கியில் 1பிஎன்ஏ என்ற அடையாளத்தோடு எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இதை எங்கள் பிள்ளைகள் பலர் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

ஒரு மூலச்சோடியை நீளப் பலகையாக நினையுங்கள். நீள அச்சைச் சுற்றி அது இலகுவாக உருளும், இதுதான் ரோல். குறுக்கு அச்சில் சாய்வது, அதாவது டில்ட், கடினம். ஆகவே வளைவின் பெரும்பங்கு ரோலில்தான்.

"மூலங்களின் வரிசையைப் போட முதல் வெறும் சங்கிலியைச் சரிபாரும்" என்றார் சேர். 1949இல் கிராட்கியும் போரோடும் தந்த புழுச்சங்கிலிச் சமன்பாட்டை, அதாவது வளையும் நீண்ட சங்கிலியின் இரு முனைகளும் சராசரியாக எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று சொல்லும் சமன்பாட்டை, எடுத்தேன். டீ.என்.ஏ தன் திசையை ஏறத்தாழ 50 நனோமீற்றர் வரை, அதாவது 150 சோடியளவு, தக்கவைக்கும்; இதுதான் அதன் விறைப்பு நீளம். சோடிக்குச் சோடி உயரம் 0.34 நனோமீற்றர். இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு படியிலும், அதாவது ஒரு சோடியிலிருந்து அடுத்த சோடிக்குப் போகையில், ஒரு திசைக்கு 4.7 பாகை அளவு வெப்ப ஆட்டம் வருகிறது. அதைப் பைதன் என்ற கணினி மொழியில் கொடுத்து ஆயிரக்கணக்கான சங்கிலிகளை வளர்த்தேன். அது 2022 மின்வெட்டுக் காலம். பற்றரி தாங்கும் அளவுக்குப் பிரித்துப் பிரித்தே ஓட்டினேன். முனைக்கு முனை தூரத்தின் வர்க்கச் சராசரி சமன்பாட்டின் கோட்டில் போய் அமர்ந்தது. அதன் பிறகுதான் கணிப்பில் நம்பிக்கை வந்தது.

அடுத்தது வரிசை. அடெனின் என்ற மூலம் ஆறு தொடர்ந்து வரும் இடத்தில் சுருளி சற்று வளையும். டீ.என்.ஏ ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 10.5 சோடி வேண்டும். அந்தத் துண்டுகளை 10, 11 சோடி இடைவெளியில் மாறி மாறி வைத்தேன்: வளைவுகள் ஒரே பக்கம் சேர்ந்து, சங்கிலி வில்லாக வளைந்தது. அதே துண்டுகளை 15 சோடிக்கு ஒன்றாக வைத்ததும் ஒன்றின் வளைவை அடுத்தது அழித்தது. சங்கிலி நெளிந்து நெளிந்து நேராகப் போனது.

வாய்மொழிப் பரீட்சையில் கேட்டார்கள்: "50 என்ற ஒரே எண் போதாதா?" நீண்ட டீ.என்.ஏக்குப் போதும் என்றேன். ஆனால் கலத்தில் டீ.என்.ஏ புரதத்தைச் சுற்றிச் சுருண்டிருக்கும் நியூக்கிளியோசோமில் 147 சோடி, ஏறக்குறைய தன் விறைப்பு நீளமே உள்ள துண்டு, ஹிஸ்டோன் என்ற அந்தப் புரதத்தை 1.65 தடவை சுற்றுகிறது. அங்கே எந்தப் படி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் தனித்தனியாகக் கணக்கிட்டே ஆகவேண்டும்.