கார்டுக்கு ஷாட் இருக்கிறதா: சீசன் நாட்குறிப்பு

டிசம்பர் 4

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் டிசம்பர் பிறந்தாலே இந்த வாதம் சூடுபிடித்துவிடும்: தூரத்திலிருந்து போடும் ஷாட்களில் முப்பது சதவீதமே விழும் கார்டை (guard, பெரும்பாலும் வெளிப்பக்கமாக ஆடிப் பந்தைக் கொண்டுவருபவர்) ஷூட்டர் என்று எப்படிச் சொல்வது? சீசன் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. ஐம்பது த்ரீ (கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டு 15 விழுந்தால் 30 சதவீதம், இன்னும் மூன்று விழுந்திருந்தால் 36. மூன்று பந்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஃப்ரீ த்ரோவை, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் தடையில்லா ஷாட்டைப் பாருங்கள். பதினைந்து அடி தூரம், முகத்துக்கு நேரே யாரும் கை நீட்டுவதில்லை. அங்கே 85 சதவீதம் போடுபவருக்கு த்ரீ விழாவிட்டால் பொறுத்திருக்கலாம். ஃப்ரீ த்ரோவே 65 என்றால், த்ரீ 40 சதவீதம் காட்டினாலும் நான் நம்பமாட்டேன்.

டிசம்பர் 13

டேவிட்சன் கல்லூரியில், பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்டீபன் கறி ஆடிய இரண்டு சீசன்களை எடுத்துக்கொள்வோம். 2007-08இல் பாயிண்ட் கார்டு ஜேசன் ரிச்சர்ட்ஸ். பந்தைக் கொண்டுவருவது அவர் வேலை. ஸ்கிரீன்களைச் (சக ஆட்டக்காரர் எதிரணிக் காவலரை உடலால் மறித்து நிற்பது) சுற்றி ஓடிவந்து பந்தை வாங்கியதும் போடுவது கறியின் வேலை. அந்த சீசனில் கறி போட்ட த்ரீ 162, அப்போது அது சாதனை, 43.9 சதவீதம். ரிச்சர்ட்ஸ் படிப்பு முடித்துப் போன பிறகு, 2008-09இல் பந்து கறியின் கைக்கு வந்தது. த்ரீ 38.7 ஆக இறங்கியது.

கை கெட்டுவிட்டதா? இல்லை. அதே சீசனில்தான் த்ரீ கோடும் 19 அடி 9 அங்குலத்திலிருந்து 20 அடி 9 அங்குலத்துக்குத் தள்ளிப்போனது. அதனால் முழுப் பழியையும் பொறுப்பு மாற்றத்தின் மேல் போடவும் முடியாது. ஆனால் ஆட்டத்துக்கு 28.6 புள்ளியுடன் நாட்டிலேயே முதலிடம், அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்யும் பாஸ்) கிட்டத்தட்ட இரட்டிப்பு. சதவீதம் குறைந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் மங்கிவிட்டார் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு பெரிய தவறு! (ஆண்கள் ஆட்டத்தில் 2019-20 முதல் கோடு இன்னும் பின்னால், 22 அடி 1.75 அங்குலத்தில். பழைய சதவீதங்களோடு ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள்.)

ஜனவரி 9

சதவீதத்தைவிட எதிரணி என்ன செய்கிறது என்பதே எனக்குப் பெரிய சாட்சி. ஸ்கிரீன் வைத்ததும் டிஃபெண்டர் அதன் பின்பக்கமாகச் சுற்றி வருகிறாரா, கார்டை ஒட்டியே மேலே வருகிறாரா? பின்பக்கம் போனால் "போடு பார்க்கலாம்" என்கிறார் என்று அர்த்தம். அங்கே கார்டு தயங்கினால் முழு ஆட்டமும் முடங்கும்: காவலுக்கு வந்த பெரிய ஆள் வளையத்தடியிலேயே நிற்பார், உள்ளே பாஸ் போக வழியிருக்காது. அந்த த்ரீயை 35 சதவீதம் போட்டாலே ஒரு ஷாட்டுக்கு 1.05 புள்ளி. தயங்கி இரண்டடி முன்னே வந்து போடும் நீண்ட டூ (கோட்டுக்கு உள்ளிருந்து இரண்டு புள்ளி) 40 சதவீதம் விழுந்தாலும் 0.8தான்.

ஜனவரி 22

டிரிப்ளிலிருந்து (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) எழும் ஷாட்டில் கடைசித் தட்டைக் கவனியுங்கள். அது பலமாக விழுந்தால் பந்து தானாக இடுப்புக்கு மேல் ஏறிவரும், கால்கள் ஊன்ற நேரம் கிடைக்கும். சோம்பலாகத் தட்டினால் பந்தை எடுக்கக் குனிய வேண்டும். அதற்குள் உடல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், ஷாட் இடமோ வலமோ விலகும். வளையத்தின் முன்விளிம்பிலேயே தொடர்ந்து படுகிறதா? பெரும்பாலும் கால் களைப்பு. பந்தை ஏற்றிவருவது, எதிரணியின் முதல் கார்டைக் காப்பது, கடைசியில் ஷாட் என எல்லாம் ஒரே ஆள் தலையில் விழுந்தால் இரண்டாம் பாதியில் இதுதான் நடக்கும்.

பிப்ரவரி 6

30 வினாடிக் கடிகாரத்தில் (அதற்குள் ஷாட் போட்டாக வேண்டும்) கடைசி ஐந்து வினாடியில் போட்ட ஷாட்களைத் தனியே எழுதிவையுங்கள். எல்லோரும் கைவிட்ட பந்து கார்டிடம்தான் வரும். அவற்றையும் சேர்த்து எண்ணினால் நல்ல ஷூட்டரும் மோசமாகத் தெரிவார்.

இப்படி எல்லாச் சுமையும் தலையில் விழும் கார்டை நான் முதலில் பந்து இல்லாமல் ஓடவிடுவேன். வேறொருவர் ஒரு பக்கம் ஆட்டத்தைத் தொடங்கி டிஃபென்ஸை இழுக்கட்டும். பந்து மறுபக்கம் திரும்பும்போது இவர் ஸ்கிரீனிலிருந்து வெளியே வந்து வாங்கட்டும். காவலர் ஓடி வந்தால் ஒரே டிரிப்ளில் அவரைக் கடந்து உள்ளே போகலாம், வராவிட்டால் ஷாட். ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மட்டும் பந்தை இவர் கையில் கொடுத்து ஸ்கிரீன் வைத்தால் போதும்.